கிள்ளானுக்கு வர வேண்டிய கையெழுத்து

தரணி, கதிர், இரண்டு பேரும் இதைப் படிக்க வேண்டும். நான் மலேசியாவிலிருந்து திரும்பிய அன்று நீங்கள் கேட்டது இரண்டே கேள்விதான். இரட்டைக் கோபுரத்தைப் பார்த்தீர்களா? சாக்லேட் எங்கே? கோபுரத்தை ஒரு பாலத்தின் மேலிருந்து தூரத்தில் பார்த்தேன். சாக்லேட் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. மற்ற விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் கதிர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறான். அதனால்தான் எழுதி வைக்கிறேன். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவன் எழுதுவது, பிழை இருந்தால் தரணி திருத்திக்கொள்.

முதலில் நான் எதற்குப் போனேன் என்று சொல்கிறேன். ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து ஓர் ஒன்றியமாக இருக்கின்றன. அங்குள்ள பல்கலைக்கழகங்களும் நம் பக்கத்து நாடுகளின் கல்லூரிகளும் கூட்டாகச் சேர்ந்து படிப்பை மேம்படுத்த ஒரு திட்டம் போட்டால் அந்த ஒன்றியம் நிதி தருகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் தருவதில்லை. என்ன செய்யப் போகிறோம், யார் செய்வார்கள், எத்தனை நாள் செய்வார்கள், முடிந்த பிறகு அது எப்படி நிலைத்து நிற்கும் என்று நூறு பக்கத்துக்கு மேல் எழுதி அனுப்ப வேண்டும். உலகம் முழுவதிலிருந்தும் போட்டி.

நம் ராஜபாளையம் கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவர் மல்லிகா மேடத்தை உங்களுக்குத் தெரியும். துணி வெளுக்கும் பட்டறைகளுக்குப் பக்கத்துக் கிணற்று நீரை நம் மாணவர்களே பரிசோதிக்கும்படி ஒரு பாடமும் ஓர் ஆய்வகமும் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இப்போது ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதிக்க மதுரைக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறோம். போர்ச்சுக்கல் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, மலேசியாவில் கிள்ளான் ஊரில் ஒரு கல்லூரி, நம் கல்லூரி, இன்னும் சில, எல்லாம் சேர்ந்து இதே ஆசைக்கு விண்ணப்பம் எழுதினார்கள். கடைசி எழுத்து வேலைக்குக் கிள்ளானில் மூன்று நாள் கூட்டம். மேடம் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். "மாரிச்சாமியை அனுப்புங்க சார். நம்ம லேப்ல எந்த மெஷின் ஓடுது, எது ஓடல, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். நான் வீட்ல இருந்து வீடியோவுல வந்துடுறேன்" என்று முதல்வரிடம் சொல்லிவிட்டார். துபாய் வேலைக்கென்று எடுத்து ஒரு முறையும் பயன்படாமல் பீரோவில் கிடந்த என் பாஸ்போர்ட்டுக்கு அன்றைக்குத்தான் விடிந்தது.

ஒவ்வொரு கல்லூரியும் "இந்தத் திட்டத்தில் நாங்கள் சேர்கிறோம்" என்று நான்கு பக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். அதில் கல்லூரித் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். நான் கிளம்புவதற்கு முதல் நாள் முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கடிதத்த சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டு வாப்பா. படிச்சிட்டுப் போடுறேன்" என்றார். அவர் வீடு ஊருக்கு அந்தக் கடைசி. எனக்குப் பெட்டி கட்டும் அவசரம். நேரே துணை முதல்வர் அறைக்குப் போனேன். முதல்வர் இல்லாத நேரத்தில் துணை முதல்வர் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார், நான் கீழே 'முதல்வருக்காக' என்று முத்திரை குத்துவேன். விடுப்புக் கடிதம், உதவித்தொகைப் படிவம், தேர்வுப் படிவம் எல்லாமே இருபத்து நான்கு வருடமாக அப்படித்தான் ஓடுகின்றன. ஆய்வக வேலையோடு துறையின் காகித வேலையும் நான்தான் பார்ப்பதால் முத்திரை என் மேசை இழுப்பறையிலேயே இருக்கும். குத்தி, ஊதி, உறையில் போட்டேன்.

மறுநாள் கிளம்பும்போது வீட்டிலும் அதே அவசரம். கதிர் மதிப்பெண் அட்டையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். "அக்காகிட்ட கொடு, அப்பா மாதிரி போட்டுடுவா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் இறங்கினேன். கோலாலம்பூரின் நடுவே இருக்கும் நம்மவர் வட்டாரம். பூக்கடை, புடவைக் கடை, ஒலிபெருக்கியில் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டால் மதுரை டவுன்ஹால் ரோடு. கண்ணைத் திறந்தால் தலைக்கு மேல் ரயில் ஓடுகிறது, எச்சில் துப்பிய தடம் எங்கும் இல்லை. பெட்டியை நடைபாதையில் வைத்துவிட்டு விடுதியின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு கைத்தடி என் பெட்டியில் தட்டியது. பார்வையில்லாத ஒருவர் நின்றிருந்தார்.

"அண்ணே, கோட்டு மேல நிக்கிறீங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். நடைபாதை நெடுகப் பள்ளமும் மேடுமாக ஒரு மஞ்சள் பட்டை ஓடியது. காலால் தடவிக்கொண்டே பார்வையில்லாதவர்கள் தனியாக நடப்பதற்கு. "மன்னிச்சுக்கங்க, ஊருக்குப் புதுசு" என்று பெட்டியை இழுத்தேன்.

"பேச்சுலயே தெரியுது. எந்த ஹோட்டலு?" என்றார். பெயரைச் சொன்னேன். "தாண்டி வந்துட்டீங்க லா. திரும்பிப் போங்க, ரெண்டாவது சந்து. இட்லி வாசம் வந்தா ரொம்ப தூரம் போயிட்டீங்கன்னு அர்த்தம்." பேச்சின் நுனியில் ஒரு 'லா' சேர்ப்பது அந்த ஊர்ப் பழக்கம். கண் இருந்த நான் தொலைத்த விடுதியை அவர் கண்டுபிடித்துக் கொடுத்தார். நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் இப்படி ஒரு பட்டை போட்டிருந்தால் அதன் மேல் இளநீர் வண்டி நிற்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். பிறகுதான் உறைத்தது, நானே என் பெட்டியை அதன் மேல்தானே வைத்தேன்.

சாயங்காலம் ஒரு கடையில் டீ கேட்டேன். சர்க்கரை வேண்டாம் என்றேன். அந்தப் பையன் உள்ளே பார்த்து, "தே ஓ கொசோங்!" என்று கத்தினான். வந்தது பாலும் இல்லாத கறுப்புத் தண்ணீர். 'ஓ' என்றால் பால் இல்லை, 'கொசோங்' என்றால் சர்க்கரையும் இல்லை என்று பக்கத்து மேசைக்காரர் விளக்கினார். பாலோடு வேண்டுமென்றால் கட்டிப்பால் ஊற்றித் தருவார்களாம், அது பாயசம்போல இருக்கும். நடுவில் ஒன்று கிடையாதா என்று கேட்டேன். "நடுவுல வேணும்னா ஊருக்குப் போயித்தான் குடிக்கணும், பாஸ்" என்றார். பெரிய சிரிப்பு.

திங்கட்கிழமை காலை கொமுட்டர் என்ற புறநகர் ரயிலில் கிள்ளானுக்குக் கிளம்பினேன். ரயில் சுத்தமாக, குளிரூட்டியோடு இருந்தது. கூட்டமில்லாத பெட்டியாகப் பார்த்து ஏறி உட்கார்ந்தேன். எதிரே இருந்த சீனப் பெண் என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த தமிழ் அம்மா ஒருவர் சொன்னார்: "அண்ணே, கதவு மேல என்ன ஒட்டியிருக்குன்னு பாருங்க. இது பொம்பளைங்க கோச்சு."

"தெரியாதுங்க, தெரியாதுங்க" என்று எழுந்தேன்.

"பரவால்ல லா, பயப்படாதீங்க. போலீஸ் எல்லாம் வராது. உள்ளயே நடந்து அடுத்த கோச்சுக்குப் போங்க" என்றார். பதற்றத்தில் எனக்கு அந்தக் கடைசி வார்த்தை காதில் ஏறவில்லை. அடுத்த நிலையத்தில் கீழே குதித்தேன். கதவு மூடியது, ரயில் போய்விட்டது. அந்தப் பெட்டிப் பெண்கள் எல்லாரும் கண்ணாடி வழியாக எனக்குக் கையசைத்தார்கள். கேலிதான், ஆனாலும் அன்பான கேலி. அடுத்த ரயிலுக்கு நெடுநேரம் நின்றேன். முதல் நாள் கூட்டத்துக்கே தாமதம்.

கிள்ளான் கல்லூரி வாசலில் டாக்டர் பவானி நின்றுகொண்டிருந்தார். மலேசியப் பக்கத்து வேலையைப் பார்ப்பவர் அவர்தான். கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா அங்கே ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தாராம். ரயில் கதையைச் சொன்னதும், "எங்கப்பா கேட்டிருந்தா உங்களுக்கு டிக்கெட் காச திருப்பிக் கொடுத்திருப்பாரு, அண்ணே. ரயில்னா அவ்வளவு மானம் அவருக்கு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே அழைத்துப் போனார்.

கூட்டத்துக்குத் தலைமை இசபெல் என்ற போர்ச்சுக்கல் அம்மா. குட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. மொத்த விண்ணப்பத்தையும் இணையத்தில் ஏற்றி அனுப்புவது அவர் பொறுப்பு. எனக்கு ஆங்கிலம் கேட்டால் புரியும், பேச வாய் வராது. அதைக் கண்டுகொண்டு அவர் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினார். மல்லிகா மேடம் காலை நாற்காலியில் நீட்டியபடி திரையில் தெரிந்தார். நம் ஆய்வகத்தைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து, "இந்தக் கருவி வேலை செய்கிறதா?" என்று இசபெல் என்னிடம் கேட்டார். இல்லை, அதற்குள் இருக்கும் விளக்கு போய்விட்டது என்றேன். உண்மையைச் சொன்னால் விண்ணப்பம் கெட்டுவிடுமோ என்று பயம். அவர் மகிழ்ந்து போனார். "ரொம்ப நல்லது, அப்படியே எழுதுவோம். எல்லாம் இருப்பவர்களுக்கு யார் உதவி செய்வார்கள்?" என்றார்.

மதியம் அந்தக் கல்லூரி ஆய்வகத்தைப் பார்த்தேன். என் தொழில் அது என்பதால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு கருவியின் கழுத்திலும் ஓர் அட்டை. கடைசியாக யார் தொட்டார், எப்போது பழுது பார்த்தது, கெட்டால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதியிருக்கிறது. ஆய்வக உதவியாளர் ஹாஃபிஸ் என்ற மலாய்க்காரர், என் வயதுதான் இருக்கும். ஆய்வகக் கதவில், பேராசிரியர் பெயருக்கு மேலே அவர் பெயர்ப் பலகை இருந்தது. எங்கள் இருவருக்கும் பொது மொழி இல்லை. ஆனால் அவர் பியூரெட் என்ற அளவுக் குழாயைத் துடைத்த விதத்தைப் பார்த்து நானும், நான் குழாயைப் பிடித்த விதத்தைப் பார்த்து அவரும் தலையாட்டிக்கொண்டோம். தெலுக் பங்லிமா காராங் என்ற ஊர்ப் பக்கத்துத் தொழிற்சாலைப் பகுதியில் ஆற்று நீர் எடுத்து வந்த பாட்டில்கள் வரிசையாக நின்றன. தேதி, இடம், எடுத்தவர் பெயர். ஒன்றில்கூடப் பெயர் விடுபடவில்லை.

செவ்வாய்க்கிழமை. அன்று மாலைக்குள் எல்லாக் கடிதங்களும் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது இசபெல் போட்ட கட்டளை. உண்மையான கெடு இரண்டு நாள் கழித்துத்தான். ஆனால் கடைசி நாளில் உலகமே ஒரே கதவைத் தட்டும், அந்த நெரிசலில் நாம் வேண்டாம் என்றார்.

காலையில் கிள்ளான் கல்லூரித் தலைவர் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க எங்களையும் கூப்பிட்டார்கள். டத்தோ என்ற பட்டம் பெற்ற மலாய்ப் பெரியவர். நம் ஊரில் என்றால் ஒருவர் பக்கம் திருப்ப, ஒருவர் இடத்தைக் காட்ட, புகைப்படக்காரர் தயாராக நிற்க, அரை நிமிடத்தில் முடிந்துவிடும். இவர் எங்களை உட்கார வைத்து, பலகாரம் கொண்டுவரச் சொல்லிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டார். மூன்றாவது பக்கத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டார். பவானி என் காதில் சொன்னார்: "நம்ம லேப்ப ரெண்டு வருஷத்துக்குத் தர்றோம்னு இதுல இருக்கே, லேப்ப பாத்துக்கிறவர்ட்ட கேட்டீங்களான்னு கேக்குறாரு."

கேட்கவில்லை. ஹாஃபிஸைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அவர் அங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். இரண்டு பேரும் ஐந்து நிமிடம் பேசினார்கள். ஹாஃபிஸ் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் அந்தப் பெரியவர் பேனாவைத் திறந்தார்.

நான் மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என் பையில் இருந்த உறையைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அதுதான் வேடிக்கை.

கூட்ட அறைக்குத் திரும்பியதும் இசபெல் ஒவ்வொரு கடிதமாக வாங்கி, கணினியில் பதிந்திருந்த பெயரோடு ஒப்பிட்டார். வெள்ளைப் பலகையில் கல்லூரிகளின் பெயர் வரிசை, பக்கத்தில் ஒவ்வொன்றாக சரி குறி. நம் கடிதத்தை எடுத்தார். கண்ணாடியை ஏற்றினார். இறக்கினார்.

"இங்கே பதிந்திருக்கும் பெயர் வேறு, கையெழுத்து வேறு" என்றார்.

பவானி எட்டிப் பார்த்து, "முதல்வருக்காகன்னு முத்திரை இருக்கு" என்று விளக்கினார்.

"உங்கள் முதல்வருக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்லை" என்றேன்.

"தன் சார்பில் இவர் கையெழுத்திடலாம் என்று எழுதிக் கொடுத்த கடிதம் ஏதாவது?"

அப்படி ஒரு கடிதம் நம் கல்லூரியில் யாரும் கண்டதில்லை. இசபெல் கோபப்படவில்லை. கடிதத்தின் முதல் வரியைக் காட்டினார். 'கீழே கையொப்பமிடும் நான்' என்று தொடங்கியிருந்தது. "சேர்வதாக வாக்குக் கொடுக்க உரிமை உள்ளவர் போட வேண்டும். மாலைக்குள் கிடைக்காவிட்டால் உங்கள் கல்லூரியை விட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். எனக்கும் அது வருத்தம்தான்" என்றார்.

திரையில் மல்லிகா மேடம் தெரிந்தார். இரண்டு மாதம் இரவு பகலாக எழுதியவர். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் எழுந்து நின்றேன். "தப்பு எங்க முதல்வர் மேல இல்ல, துணை முதல்வர் மேலயும் இல்ல. முதல்வர் படிச்சிட்டுப் போடுறேன், வீட்டுக்குக் கொண்டு வான்னு சொன்னார். நான் போகல. சோம்பேறித்தனம்" என்று தமிழிலேயே சொன்னேன். பவானி மொழிபெயர்க்கும்போது 'சோம்பேறித்தனம்' என்பதை விட்டுவிட்டார். அது எனக்குப் புரிந்தது. மேடம் மட்டும் மெதுவாக, "சார் இன்னைக்கு எங்க இருக்கார் தெரியுமா மாரிச்சாமி? அமாவாசை" என்றார்.

தெரியும். ஒவ்வோர் அமாவாசைக்கும் அவர் சதுரகிரி மலை ஏறுவார். விடியும்போதே ஏறியிருப்பார். மலையில் போன் எடுக்காது. எடுத்தாலும் பயனில்லை, விரத நாளில் அவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்.

வராந்தாவுக்கு வந்து உங்கள் அம்மாவைக் கூப்பிட்டேன். நம் ஊரில் அப்போதுதான் காலை ஒன்பது மணி.

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு? காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்ல. ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"பாஸ்போர்ட்ட தொலைச்சிட்டீங்களா?"

முழுவதையும் சொன்னேன். அம்மா உடனே, "மலைக்கு ஏறுனவர் இறங்கித்தான ஆகணும்? பேப்பர காலேஜுக்கு அனுப்பி பிரிண்ட் எடுத்து வைக்கச் சொல்லுங்க. நான் அடிவாரத்துல போய் நிக்கிறேன்" என்றாள்.

"அவர உனக்கு அடையாளம் தெரியுமா?"

"ஆண்டு விழாவுல கோட்டு போட்டுப் பாத்தது. கோட்டு இல்லாம எப்படி இருப்பார்னு பாத்துக்கிறேன்."

அன்றைக்கு உங்களுக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, அம்மா எங்கே போனாள் என்று இப்போது தெரிகிறதா?

அறைக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னேன். இசபெல் பலகைக்குப் போனார். நம் கல்லூரிப் பெயரை அழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அழிக்கவில்லை. சரி குறி போட வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு மலை வரைந்தார். "இரவு எட்டு மணி வரை" என்றார்.

மதியம் பவானி கிள்ளான் கடைத்தெருவில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். அவரும் அமாவாசைக்குச் சைவம். பாகற்காய் வறுவல், பூசணிக்காய்க் கூட்டு, அப்பளம் மலைபோல. நம் ஊர்ச் சாம்பாரைவிடக் கொஞ்சம் இனிப்பு, ஆனால் கணக்குப் பார்க்காமல் ஊற்றுகிறார்கள். இசபெல் கையால் சாப்பிட்டுப் பழகிக்கொண்டிருந்தார். சந்திரன் இல்லாத நாளில் ஏன் மலை ஏறுகிறார்கள் என்று கேட்டார். சித்தர்கள் இருக்கும் மலை, கால்நடையாகத்தான் போக முடியும், அங்கே போனால் மனம் லேசாகும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "எங்கள் ஊரிலும் முழங்காலால் நடந்து போகும் கோயில் இருக்கிறது. என் அம்மா போவார். அவரிடமும் போன் இருக்காது" என்றார். என் இலையில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. கடைக்காரர் வந்து, "என்ன அண்ணே, நல்லா இல்லையா? புங்குஸ் கட்டவா?" என்றார். பொட்டலம் கட்டித் தரட்டுமா என்கிறார். சாப்பாட்டில் குறை இல்லை, எனக்குத்தான் இறங்கவில்லை என்றேன்.

மாலை ஆறரைக்கு மற்றவர்கள் விடுதிக்குப் போய்விட்டார்கள். இசபெல் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். பவானிக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். "நீங்க போங்கம்மா, நான் இருக்கேன்" என்றேன். "பெரியவன் சோறு வைப்பான், அண்ணே. கருகித்தான் இருக்கும், சாப்பிட்டுக்குவாங்க" என்று சொல்லிவிட்டு, தன் பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்து நடுவில் வைத்தார். மூன்று பேரும் கடித்தோம். அந்தச் சத்தத்தில் சிரிப்பு வந்தது.

அங்கே மலையடிவாரத்தில் நடந்ததை அம்மா பிற்பாடு சொன்னாள். மதியத்திலிருந்து மண்டபத்து ஓரத்தில் குடையோடு நின்றாளாம். வழுக்கைத் தலையோடு துண்டு போர்த்தி யார் இறங்கினாலும் மறித்திருக்கிறாள்.

"சார், நீங்க காலேஜ் பிரின்ஸ்பாலா?"

"இல்லம்மா, நான் ரைஸ் மில்லு."

மூன்றாவது ஆள்தான் நம் முதல்வர். கம்பை ஊன்றிக்கொண்டு, இடுப்பில் வேட்டியை மடித்துக் கட்டி, வியர்வையில் நனைந்து வந்தவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "மாரிச்சாமி சம்சாரமா? என்னம்மா, அவருக்கு ஏதாவது?" என்று பதறியிருக்கிறார். அம்மா கடிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். அவர் பேனாவை வாங்கவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

"படிச்சிட்டுத்தான் போடுவேன். இதத்தான் வீட்டுக்குக் கொண்டு வான்னு உன் புருஷன்கிட்ட சொன்னேன்."

அம்மா குடை பிடித்தாள். முதல் பக்கம் முடித்துவிட்டு நிமிர்ந்து, "அங்க எல்லாரும் நமக்காகவா காத்துட்டு இருக்காங்க?" என்றாராம்.

"ஆமா சார்."

"அப்ப கொஞ்சம் வேகமாப் படிக்கிறேன்."

படித்தார், நான்கு பக்கமும். அதற்கப்புறம்தான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். துணை முதல்வர் கொடுத்தனுப்பிய கல்லூரி முத்திரையைப் பாறை மேலேயே குத்தினார்கள். பிறகு முதல்வர் தன் காரிலேயே அம்மாவை வத்திராயிருப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து, கடைக்காரப் பெண்ணிடம் இரண்டு தடவை சரிபார்க்கச் சொல்லி அனுப்பினார்.

கிள்ளானில் மணி ஏழரை. ஜன்னலுக்கு வெளியே மசூதியில் தொழுகை அழைப்பு முடிந்திருந்தது. இசபெலின் கணினி 'டிங்' என்றது. அவர் பெரிதாக்கிப் பார்த்தார். பெயரைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். காகிதத்தின் ஓரத்தில் விபூதி படிந்த ஒரு விரல் தடம் தெரிந்தது. அது என்ன என்று கேட்டார். பவானி சொன்னார். இசபெல் எழுந்துபோய், பலகையில் வரைந்த மலையை அழிக்காமல் அதன் உச்சியில் சரி குறி போட்டார்.

நான் வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை எல்லாரையும் சுற்றி நிற்க வைத்து இசபெல் விண்ணப்பத்தை அனுப்பினார். ஒரு பொத்தான்தான். திரையில் ஏதோ எண் வந்தது, எல்லாரும் கை தட்டினோம், ஹாஃபிஸும் வந்து கை தட்டினார். முடிவு தெரியப் பல மாதம் ஆகும். கிடைக்காமலும் போகலாம் என்று இசபெல் முன்பே சொல்லிவிட்டார். மல்லிகா மேடத்திடம் நான் மன்னிப்புக் கேட்டபோது, "லேப் வந்தா நீங்க தான் அந்த அட்டையெல்லாம் எழுதணும், கழுத்துல தொங்கவிடுற அட்டை" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை பவானி தன் காரில் என்னைச் செந்தூல் வழியாகக் கூட்டிப்போய், அப்பா வேலை பார்த்த பட்டறை இருந்த பக்கத்தைக் காட்டினார். உயரமான அடுக்குமாடிகள் நின்றன. திரும்பும்போதுதான் அந்தப் பாலத்தின் மேலிருந்து உங்கள் இரட்டைக் கோபுரம் தெரிந்தது. உண்மையிலேயே அழகுதான்.

வந்த மறுநாள் நீங்கள் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு, அம்மாவும் மில்லுக்குப் போன பிறகு, நான் வீட்டில் தனியாக இருந்தேன். தொலைக்காட்சிக்கு அடியில் கதிரின் மதிப்பெண் அட்டை இருந்தது. தரணி கையெழுத்துப் போட மறந்திருக்கிறாள், அல்லது போட மனமில்லாமல் விட்டிருக்கிறாள். கேட்க மாட்டேன். முந்தைய மாதங்களின் கட்டங்களில் என் கையெழுத்து இருந்தது, நான் போடாதது. என்னுடையதைவிட அழகாக இருந்தது.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படித்தேன். தமிழ், ஆங்கிலம், கணக்கு. கணக்கில் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் வகுப்பாசிரியர் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: 'கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்கிறான். கண் பரிசோதனை செய்யவும்.' தேதியைப் பார்த்தேன். மூன்று மாதம் முந்தையது.

காலியாக இருந்த கட்டத்தில் வே. மாரிச்சாமி என்று முழுப் பெயரையும் எழுதினேன். எழுதி முடித்ததும் என் வலது கை தானாக நகர்ந்து முத்திரையின் மைப் பெட்டியைத் தேடியது. தரையில் ஒன்றும் இல்லை. அட்டையை மூடாமல் மை காயட்டும் என்று அப்படியே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, கதிரின் பள்ளி விடும் நேரத்துக்குக் கண் மருத்துவரிடம் டோக்கன் எடுக்கக் கிளம்பினேன்.